குழாய்த் தொழிலாளியும் சிசிலித் தீவின் பிரபுவும்

உலகப் புகழ் பெற்ற உதைபந்தாட்ட வீரரொருவர், நீர்க்குழாய் பொருத்தும் தொழிலையும் கைவிடாது செய்து வந்தார் என்றால் இக்காலத்து இளைஞர் நம்புவாரோ? இங்கிலாந்தின் டொம் பின்னி அவ்வாறுதான் வாழ்ந்தார்.

பின்னி 1922ஆம் ஆண்டு பிரெஸ்டன் நகரிற் பிறந்தவர். அவ்வூர்க் கழகமாகிய பிரெஸ்டன் நோர்த் எண்ட் சிறு வயதிலேயே அவரை அழைத்தது. தந்தையாரோ, குழாய்த் தொழிலைப் பழகி முடித்த பின்னரே மற்றதெல்லாம் என்று கூறிவிட்டார். அந்த முன்யோசனையை எவ்வளவு பாராட்டினாலுந் தகும். பின்னர் யுத்தம் மூண்டது. எகிப்திலும் இத்தாலியிலும் படைச் சேவை. ஆகவே லீக் போட்டியில் அவர் முதன்முதலாக இறங்கியபோது ஆண்டு 1946, வயது 24. அவ்வாண்டிலேயே இங்கிலாந்து அணியிலும் இடம் பெற்றார். வலது ஓரமாயினும் இடது ஓரமாயினும் நடுமுன்னணியாயினும், நிறுத்திய இடத்தில் நின்று ஆடுவார். நாட்டுக்காக 76 ஆட்டங்களில் 30 கோல்கள் அடித்தார்.

1952ஆம் ஆண்டு இங்கிலாந்து அணி இத்தாலிக்குச் சென்றிருந்தபோது, சிசிலித் தீவின் பலர்மோ கழகத் தலைவராயிருந்த பிரபு ஒருவர் அவரை அணுகினார். கையொப்பமிட்டதும் 10,000 பவுண், மாதந்தோறும் 130 பவுண், குடியிருக்க மாளிகை, ஓட்ட மோட்டார் வண்டி. அப்பொழுது இங்கிலாந்தில் எத்துணைச் சிறந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 14 பவுணுக்கு மேற் கொடுத்தலாகாது என்பது விதி. கணக்குப் பார்த்தால், அந்தப் பத்தாயிரம் ஏறக்குறையப் பதினான்கு ஆண்டு உழைப்புக்குச் சமம்!

கழகம் மறுத்துவிட்டது. பின்னியும் திரும்பிப் பழையபடி ஆடலானார். மறுத்தபின் செய்வதற்கு அவருக்கு வேறொன்றும் இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும், கழகம் இணங்காமல் வேறொரு கழகத்துக்கு ஆட்டக்காரர் போக முடியாது. கடைச் சிப்பந்திகூடப் பிடிக்காத முதலாளியை விட்டு அடுத்த தெருக் கடைக்குப் போகலாம். எண்பதினாயிரம் பேர் கைதட்டும் வீரருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பின்னியின் ஊர்ப்பற்றைப் புகழ்ந்து பேசுவோர் இதனை ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். பற்று இருந்தது உண்மை, பூட்டும் இருந்தது.

1953இல் ஆர்சனலும் பிரெஸ்டனும் சம புள்ளிகள் பெற்றிருக்க, கோல் விகிதத்தால் முதற்பிரிவுப் பட்டம் கைநழுவிற்று. அடுத்த ஆண்டு வெம்பிளிக் கிண்ண இறுதியாட்டத்தில் வெஸ்ட் புரொம்விச்சிடம் 3-2 எனத் தோல்வி. அன்று பின்னியின் ஆட்டமும் சோபிக்கவில்லை. ஆயினும் 1954, 1957ஆம் ஆண்டுகளில் விளையாட்டு எழுத்தாளர்கள் அவரையே ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிந்தனர். இருமுறை அப்பெருமை பெற்ற முதல்வர் அவரே.

லீக்கில் 433 ஆட்டங்களும் 187 கோல்களும் கண்டு, 1960இல், காயத்தின் காரணமாக விலகினார். மறுவருடம் பிரெஸ்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதே 1961 தை மாதத்திற் சம்பள வரம்பு நீங்கிற்று; சில நாட்களில் புல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹெயின்சுக்கு வாரம் 100 பவுண்! வீரரைப் பிடித்துவைக்கும் முறை நியாயமற்றதென நீதிமன்றம் தீர்த்தது 1963இல், ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் தொடுத்த வழக்கில்.

பின்னி 1998இல் 'சேர்' பட்டம் பெற்று, 2014இல் தமது 91ஆம் வயதிற் காலமானார். பிரெஸ்டன் மைதானத்தின் வெளியே 2004ஆம் ஆண்டு முதல் அவருக்குச் சிலையுண்டு. மழைநீர் தேங்கிய தரையில், நீர் தெறிக்கப் பந்தைத் துரத்திச் செல்கிறார்.