அலாஸ்கா கப்பலும் ஆழ்வார்பேட்டை பாட்டியும்

ஆழ்வார்பேட்டையில், சி.பி. ராமசாமி சாலைக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் தாத்தா, பாட்டி, கூடவே இருக்கும் சின்ன மகன், மருமகள். லேப்டாப் திரையில் சியாட்டிலிலிருந்து பெரிய மகன், நியூஜெர்சியிலிருந்து மகள். அங்கே சனிக்கிழமை ராத்திரி. தாத்தாவுக்கு சதாபிஷேகம் வருகிறது. அது முடிந்ததும் மொத்தக் குடும்பமும் கப்பலில் அலாஸ்கா போகலாம் என்கிறார் பெரியவர். பேரன் பேத்திகள் கத்துகிறார்கள். "எனக்கென்னடா, நீங்க எங்க கூட்டிண்டு போனாலும் வரேன்" என்கிறார் பாட்டி. அவ்வளவுதான், தீர்மானம் நிறைவேறிவிட்டது!

இது எந்தக் குடும்பம் என்று தேட வேண்டாம். பிள்ளைகள் பாதி அமெரிக்காவில், பாதி சென்னையில் என்று இருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கும். அலாஸ்கா இல்லாவிட்டால் நார்வே. பெயர்தான் மாறும்.

யோசனை மோசமில்லை. உண்மையில் பெரியவர்களை வைத்துக்கொண்டு ஊர் சுற்ற கப்பலைவிட வசதியானது குறைவு. பெட்டியை ஒரே ஒரு முறை திறந்தால் போதும், ஏழு நாளும் அதே கட்டில். ஓடுகிறவர்கள் ஓடலாம், உட்காருகிறவர்கள் உட்காரலாம், ராத்திரி எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடலாம். கோளாறு யோசனையில் இல்லை, திட்டம் போடும் வரிசையில். முதலில் கப்பல், அப்புறம் தேதி, அப்புறம் தள்ளுபடி, கடைசியில்தான் மனிதர்கள். இது தலைகீழாக இருக்க வேண்டும். கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ, யார் பர்ஸ் மெலிந்திருக்கிறதோ, அந்த இருவரை வைத்துத்தான் திட்டத்தை ஆரம்பிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து கப்பலேறிக் குளிர் தேசத்துக்குப் போன மிகப் பிரபலமான மனிதர் ராமானுஜன். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் கிளம்பி ஏப்ரல் 14-ல் லண்டன் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் அவர் நண்பராக இருந்த மகலனோபிஸ் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். ராத்திரியில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாராம். போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆங்கிலேய வழக்கப்படி அவற்றை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தார்கள். அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மேலேயே படுத்திருந்தார்.

கம்பளி இருந்தது, சொல்ல ஆள் இல்லை. அவருக்கே இந்த கதி என்றால் ஆழ்வார்பேட்டை பாட்டி எம்மாத்திரம்? ஆயிரக்கணக்கில் கொடுத்து ஜாக்கெட் வாங்கி அனுப்பிவிடுவார்கள். புடவைக்கு மேல் அதை எப்படிப் போடுவது, உள்ளே எது, வெளியே எது, மெட்டி போட்ட காலில் கெட்டி சாக்ஸும் ஷூவும் எப்படி நுழையும் என்று உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமிருக்காது.

குளிரைச் சும்மா நினைத்துவிடக் கூடாது. மார்கழியில் 20 டிகிரிக்கே மங்கி குல்லாயும் மப்ளரும் மாட்டிக்கொண்டு டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமிக்குப் போகிற ஊர் இது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் ஜூலை மாதச் சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான். கப்பல் பனியாற்றுக்கு முன்னால் போய் நிற்கும்போது மேல்தளத்தில் அடிக்கிற காற்றில் இன்னும் குறைவாகத் தெரியும். மழை வேறு. கெட்சிகன் என்ற ஊரில் சென்னையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் மழை பெய்கிறது. ஜூன் மாதத்தில் ஜூனோவில் சூரியன் மறைவதே ராத்திரி பத்து மணிக்குத்தான். தாத்தாவின் சாயங்கால சந்தியாவந்தனம் எப்போது என்ற கேள்வியை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்!

அடுத்தது காகிதம். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினால் அமெரிக்க விசா மட்டும் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போதாது. அமெரிக்காவில் 1886-ல் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல் இப்படிப் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. பெரிய கப்பல்கள் அனேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா என்று வேறு நாட்டுக் கொடி வைத்திருப்பவை. அதனால் அவை கனடாவின் விக்டோரியா போன்ற ஊரில் சில மணி நேரமாவது நின்றுவிட்டு வரும். வான்கூவரில் ஏறினால் கேட்கவே வேண்டாம், அது கனடாவேதான்.

விளைவு என்ன? ஒரே குடும்பத்தில் மூன்று நான்கு விதமான காகிதங்கள். அங்கே பிறந்த பேரனுக்கு விசாவே வேண்டாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு கனடா விசா வேண்டாம், ஆனால் கார்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். எச்1பி-யில் இருப்பவருக்கு கனடா விசா வேண்டும், திரும்பி நுழைய அமெரிக்க முத்திரை என்ன நிலையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆழ்வார்பேட்டைக்காரர்களுக்கோ இரண்டு நாட்டு விசாவும் வேண்டும், அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையாகவும் இருக்க வேண்டும். அமெரிக்கத் துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஆட்டோவில் பத்து நிமிஷம். ஆனால் நேர்காணலுக்கு நாள் கிடைக்க சில சமயம் மாதக்கணக்கில் ஆகிவிடும். கப்பலுக்கு முழுப் பணத்தையும் பெரும்பாலும் மூன்று மாதம் முன்பே கட்டியாக வேண்டும். விசா வருவதற்குள் பணம் போய்விட்டால், தாத்தாவுக்காகப் போட்ட பயணத்தில் தாத்தா மட்டும் இல்லாமல் போகலாம்.

இதையெல்லாம்கூட ஒரு பேப்பரில் எழுதிச் சமாளித்துவிடலாம். யாரும் வாய்விட்டுப் பேசாதது பணம்.

விளம்பரத்தில் போடும் கட்டணம் ஒரு அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஒருவருக்கு. அதற்கு மேல் வரி, தினசரி டிப்ஸ் (பெரும்பாலான கப்பல்களில் குழந்தைகளுக்கும் சேர்த்து), இணையம், இறங்கும் ஊர்களில் சுற்றிப்பார்க்கும் செலவு. சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு இன்னும் கூடுதல்: விமான டிக்கெட், இரண்டு விசா, குளிர் உடை, பயணக் காப்பீடு. எட்டு அறை எடுத்தால் குழுச் சலுகை என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. அந்தச் சலுகைக்காக சம்பந்திகளையும் இழுத்துப் போட்டு அறைக் கணக்கை நிரப்புவார்கள். பிறகு "செலவை மூணா பிரிச்சுக்கலாம்" என்று ஒரு வரி வரும்.

டாலரில் சம்பாதிப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு ஒரு மாதச் செலவு. சென்னையில் ரூபாயில் சம்பாதித்து, அப்பா அம்மாவின் டாக்டர், மருந்து, ராத்திரி ஆஸ்பத்திரி ஓட்டம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் சின்னவருக்கு அது பெண்ணின் கல்லூரிக் கட்டணம். "முடியாது" என்று சொன்னால் அப்பாவுக்காகச் செய்ய மனசில்லை என்று ஆகும். "அண்ணா, நீயே போட்டுடு" என்று சொன்னால் மனைவி முன்னால் தலைகுனிவு. அதனால் கடன் வாங்குவார், அல்லது ஆபீஸில் லீவு இல்லை என்று பொய் சொல்வார். இரண்டுமே நடக்கிறது. சேர்ந்திருக்கத்தானே இந்தப் பயணம்? அதுவே அண்ணன் தம்பிக்குள் பத்து வருஷ மனஸ்தாபத்தை விதைத்துவிட்டுப் போகும்.

வழி ஒன்றும் கஷ்டமில்லை. பெரியவர் குடும்ப அழைப்பில் அறிவிப்பதற்கு முன்னால் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "எவ்வளவு முடியும், சங்கோஜப்படாம சொல்லு" என்று கேட்க வேண்டும். சமமாகப் பிரிப்பதைவிட சக்திக்கேற்பப் பிரிப்பதுதான் நியாயம். வருஷம் முழுக்கப் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர் தன் பங்கை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இது தானமில்லை, கணக்கு.

"இப்படி ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தப் பயணமும் கிளம்பாது, ஒருவர் துணிந்து முடிவெடுத்தால்தான் நடக்கும்" என்று சொல்லலாம். அதிலும் உண்மை இருக்கிறது. பதினாறு பேரிடம் தேதி கேட்டால் பதினேழு தேதி வரும். ஆனால் இங்கே கேட்கச் சொல்வது எல்லோரையும் அல்ல, இரண்டே பேரை. அவர்கள் பதில் கிடைத்துவிட்டால் மற்றவர்கள் அதற்குள் அடங்கிவிடலாம். மெதுவாக நடப்பவருக்கு ஏற்ற பயணம் வேகமாக நடப்பவருக்கும் ஏற்றதுதான்.

அலாஸ்காவிலேயே அதற்கு வழி இருக்கிறது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களைத்தான் விடுகிறார்கள். அங்கே போகும் கப்பலாகத் தேர்ந்தெடுத்தால் இறங்கவே வேண்டாம், கண்ணாடிக்கு உள்ளே சூடாக உட்கார்ந்துகொண்டே பனியாற்றைப் பார்க்கலாம். ஸ்காக்வேயில் 1900-ல் கட்டி முடித்த மலை ரயில் இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் போதும். சைவச் சாப்பாடு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் பல கப்பல்களில் ஏற்பாடு செய்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிக் காப்பீடு எடுக்க வேண்டும், ஏனென்றால் நடுக்கடலில் கப்பல் டாக்டரின் பில் சென்னை கிளினிக் பில் மாதிரி இருக்காது. கடல் ஒத்துக்கொள்ளுமா என்று சந்தேகமிருந்தால் முதலில் இரண்டு மூன்று நாள் கப்பல் ஒன்றில் போய்ப் பார்க்கலாம். 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அப்படி ஒரு உல்லாசக் கப்பல் கிளம்பியது.

கடைசியாக, பாட்டி சொன்ன "எங்க கூட்டிண்டு போனாலும் வரேன்". அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது. அந்தத் தலைமுறைப் பெண்களிடம் எங்கே போக ஆசை என்று யாரும் கேட்டதில்லை, அதனால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பதில் அது. லேப்டாப்பை மூடிவிட்டு, சமையலறையில் பக்கத்தில் நின்றுகொண்டு யாராவது இன்னொரு முறை கேட்க வேண்டும். பனியைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை என்று சொல்லலாம். அல்லது பேரன் பேத்தி எல்லோரும் ஒரு மாசம் இந்த வீட்டில் வந்து இருந்தால் போதும் என்று சொல்லலாம்.

இரண்டாவது பதில் வந்தால் கப்பலை விட்டுவிட்டு விமான டிக்கெட்டை இந்தப் பக்கமாகப் போடுவதுதான் சரி.