தேய்ந்த கோல்ஃப் கிளப்பைச் சுரண்டிப் புதுசாக்க முடியுமா? அந்தக் குட்டிக் கருவியை வாங்கும் முன் இதைப் படிங்க

நண்பன் ஒருவன் கோல்ஃப் பழக ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு வெட்ஜ் வாங்கினான். கிரீனுக்குப் பக்கத்தில் வந்தபிறகு பந்தை உயரமாகத் தூக்கிப் போட உதவும் கிளப் அது. கூடவே ஆன்லைனில் பேனா சைஸில் ஒரு கருவியும் வாங்கியிருந்தான். பெயர் 'குரூவ் ஷார்ப்பனர்'. "தேஞ்சு போன கோட்டை இதால சுரண்டிட்டா புதுசு மாதிரி ஆயிடும்டா. புது வெட்ஜ் விலையில பத்துல ஒரு பங்குகூட இல்ல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், டைனிங் டேபிளில் பழைய துண்டை விரித்து, நானும் அவனும் மாறி மாறி ஒரு மணி நேரம் சுரண்டினோம். முடிவில் கோடுகள் பளபளவென்று இருந்தன. கை வழுக்கிய இடத்தில் ஒரு நீளமான கீறல் போனஸ். இரண்டு வாரத்தில் அதே கோடுகளில் பழுப்பாகத் துரு. அதற்குள் ஆபீஸ் டோர்னமென்ட் அறிவிப்பு வந்துவிட்டது. "இந்த வெட்ஜோட ஆடலாமா, கூடாதா?" என்று அவன் கேட்டபோதுதான், நாங்கள் செய்த வேலை என்னவென்றே எங்களுக்குத் தெரியாது என்பது உறைத்தது.

தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் கசப்பானது. அந்தக் கருவி அழுக்கு எடுக்கத்தான் லாயக்கு. இரும்பைச் செதுக்க ஆரம்பித்தால் கிடைக்கும் லாபம் சொற்பம், வரும் சிக்கல் பெரிது.

முதலில், அந்தக் கோடுகள் எதற்கு?

அம்மி தேய்ந்து வழவழப்பானால் மசாலா அரைபடாது, கொத்தணும். அதனால் கோல்ஃப் கிளப்பிலும் கோடு ஆழமாக இருந்தால் பந்தைப் 'பிடித்துச்' சுழற்றும் என்றுதான் நானும் நினைத்தேன். பாதிதான் சரி. காய்ந்த, சுத்தமான பந்தை, குட்டையாக வெட்டிய புல்லில் இருந்து அடித்தால் கோடுகளுக்குப் பெரிய வேலை இல்லை. உலோகப் பரப்பின் உராய்வே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். புல்லும் ஈரமும் கிளப்புக்கும் பந்துக்கும் நடுவில் மாட்டும்போதுதான் குரூவின் வேலை தொடங்குகிறது. மழையில் ஓடும் டயரை நினைத்துக்கொள்ளுங்கள். டயர் பட்டனுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் தண்ணீரை வாங்கிக்கொள்வதால்தான் ரப்பர் ரோட்டைத் தொடுகிறது. குரூவும் அப்படித்தான். நசுங்கிய புல்லும் தண்ணீரும் அதற்குள் இறங்கிவிட்டால் உலோகம் பந்தைத் தொடும், பேக்ஸ்பின் கிடைக்கும், பந்து கிரீனில் விழுந்து நிற்கும். தேய்ந்த வெட்ஜ் என்பது மொட்டை டயர். பந்து வழுக்கிக்கொண்டு கிளம்பி, விழுந்த இடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

தேய்வது எதனால்? முக்கியமாக மணல். பங்கரில் ஒவ்வொரு ஷாட்டும் கிளப்புக்கு உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி. தேய்வது எங்கே என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. பள்ளத்தின் அடிப்பகுதி அதிகம் தேய்வதில்லை. அதன் மேல் விளிம்பும், இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் சமதளப் பரப்பும்தான் வழவழப்பாகின்றன. இன்றைய வெட்ஜ்கள் பலவற்றில் அந்தச் சமதளத்திலும் மெஷினால் மிக நுணுக்கமான சொரசொரப்பு ஏற்றியிருப்பார்கள். சுரண்டும் கருவி பள்ளத்துக்குள் போகிறது. நடுப்பரப்பை அது தொடுவதே இல்லை. போன சொரசொரப்பு போனதுதான்.

அதோடு, பெரும்பாலான கிளப்புகளுக்கு மேலே குரோம் பூச்சு இருக்கும். கீழே இருப்பது கார்பன் ஸ்டீல் என்றால், பூச்சு போன இடத்தில் துரு வருவது நிச்சயம். (பூச்சே இல்லாமல், துருப்பிடிக்கட்டும் என்று விற்கிற 'ரா' வெட்ஜ்களும் உண்டு. அதனால் துருவைப் பார்த்து அழத் தேவையில்லை. நாங்கள் கொஞ்சம் அழுதோம்.) கடினமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கருவி வழுக்கும். மிருதுவான ஸ்டீல் என்றால் நினைத்ததைவிட அதிகமாக வெட்டும். கையால் பிடித்து எல்லாக் கோடுகளையும் ஒரே அளவில் வெட்டுவது சாத்தியமே இல்லை.

அளவு எவ்வளவு நுணுக்கம் தெரியுமா?

கோல்ஃப் கருவிகளுக்கான விதிகளை அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. அமைப்பும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து எழுதுகின்றன. குரூவின் ஆழம் அதிகபட்சம் 0.508 மி.மீ., அகலம் அதிகபட்சம் சுமார் 0.9 மி.மீ. இன்றைய விதிப்படி, 25 டிகிரியும் அதற்கு மேலும் சாய்வு உள்ள கிளப்புகளில் குரூவின் விளிம்பு கூர்மையாக இருக்கவே கூடாது. குறைந்தது 0.254 மி.மீ. ஆரம் அளவுக்கு மழுங்கியிருக்க வேண்டும். ஏ4 பேப்பரை இரண்டரைத் தாள் அடுக்கினால் வரும் கனம் அது. டைனிங் டேபிளில், கண் பார்வையில், அந்த அளவுக்குள் நிற்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். 'ஷார்ப்பனர்' என்ற பெயரே விதி வேண்டாம் என்று சொல்லும் வேலையைத்தான் குறிக்கிறது!

மழுங்கல் ஏன் கட்டாயமானது? 1980களில் ஃபேர்வேயில் நேராக அடிப்பவர்தான் அதிகம் ஜெயித்தார். அதற்குப் பிறகு அந்தத் தொடர்பு கிட்டத்தட்ட காணாமல் போனது. கண்ணை மூடிக்கொண்டு தூரமாக அடி, பந்து உயரமான புல்லில் விழுந்தாலும் கவலையில்லை, கூர்மையான குரூவ் காப்பாற்றும் என்ற ஆட்டம் வந்துவிட்டது. தப்பாக அடித்ததற்குத் தண்டனையே இல்லை என்றால் புல்லை வளர்த்து வைத்து என்ன பயன்? அதனால் 2010 ஜனவரி 1 முதல் பெரிய தொழில்முறைப் போட்டிகளில் புது அளவு அமலுக்கு வந்தது.

வந்த ஒரே மாதத்தில் பஞ்சாயத்து. கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸ் மைதானத்தில் ஃபில் மிக்கல்சன், இருபது வருடத்துக்கு முந்தைய 'பிங் ஐ-2' வெட்ஜோடு வந்து நின்றார். புது விதிப்படி அதன் குரூவ் தேறாது. ஆனால் சட்டப்படி செல்லும்! எப்படி? 1980களில் பிங் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம், 'யு' வடிவ குரூவ் பந்தின் தோலைக் கிழிக்கிறது என்ற புகாருக்காக விளிம்பை உருட்டி மழுக்கினார். அப்படி மழுக்கியதால் கோடுகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்துவிட்டது என்று யு.எஸ்.ஜி.ஏ. சொன்னது. கோர்ட் வரை போய், 1990இல் சமரசம் ஆனது. அந்த ஆண்டு ஏப்ரல் 1க்கு முன்பு தயாரான ஐ-2 கிளப்புகள் செல்லும் என்பது ஒப்பந்தம். மிக்கல்சன் பிடித்துக்கொண்டது அந்த ஓட்டையைத்தான். சக வீரர் ஸ்காட் மெக்கேரன் இதை ஏமாற்று வேலை என்றார், பிறகு மன்னிப்புக் கேட்டார். கடைசியில் பிங் நிறுவனமே இறங்கி வந்து வழிவிட, சில வாரங்களில் பி.ஜி.ஏ. டூர் அந்த வெட்ஜுக்குத் தடை போட்டது.

பாருங்கள், ஒரு காலத்தில் விளிம்பை மழுக்கியதற்கு வழக்கு, இன்னொரு காலத்தில் மழுக்காததற்குத் தடை. மில்லிமீட்டரில் கால்வாசிக்கு இவ்வளவு அடிதடி நடந்திருக்கிறது. நாம் அதில் ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒன்றை விட்டுக் குடைகிறோம்.

சரி, நண்பனின் கேள்விக்கு வருவோம். கோல்ஃப் விதி 4.1 தெளிவாகவே இருக்கிறது. புதிதாக இருந்தபோது விதிக்கு உட்பட்ட கிளப், வழக்கமான பயன்பாட்டில் எவ்வளவு தேய்ந்தாலும் செல்லும். வேண்டுமென்றே மாற்றினால் அந்தச் சலுகை கிடையாது, அளவுக்குள் இருந்தே ஆக வேண்டும். அளவு தாண்டிய கிளப்பைப் பையில் வைத்திருந்தால் தண்டனை இல்லை. அதை வைத்து ஒரு ஷாட் அடித்தால் தகுதி நீக்கம். ஆட்டத்துக்கு நடுவில் சுரண்டிவிட்டு அதே கிளப்பால் அடித்தாலும் அதே கதி. பந்தை நான்கு அடி கூடுதலாக நிறுத்த ஆசைப்பட்டு, சட்டபூர்வமான தேய்ந்த கிளப்பை சந்தேகத்துக்குரிய கிளப்பாக நாங்களே மாற்றிவிட்டோம்.

"ஆபீஸ் மேட்ச்தானே, யார் ஸ்கேல் வெச்சு அளக்கப் போறாங்க?" என்று கேட்கலாம். யாரும் அளக்க மாட்டார்கள், அதுதான் பிரச்னையே. கோல்ஃபில் பெரும்பாலான ஆட்டங்களில் கூடவே நடக்கும் நடுவர் கிடையாது. தப்பு செய்தவரே கையைத் தூக்கித் தன் ஸ்கோரில் தண்டனை சேர்த்துக்கொள்ள வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்பதை ஒரு வாதமாக ஏற்றுக்கொண்டால் இந்த விளையாட்டில் மிச்சம் எதுவும் இல்லை. தனியாக, ஸ்கோர் கார்டு கொடுக்காமல், ஜாலிக்கு ஆடுகிறீர்களா? தாராளமாகச் சுரண்டுங்கள், உங்கள் கிளப், உங்கள் துரு. ஹேண்டிகேப்புக்குக் கார்டு கொடுப்பவர், போட்டியில் ஆடுபவர் என்றால் வேண்டாம்.

அதற்காகக் கம்பெனிக்காரர்கள் சொல்வதையும் அப்படியே விழுங்கத் தேவையில்லை. வோக்கி வெட்ஜ் விற்கும் டைட்லிஸ்ட், சுமார் 75 ரவுண்டுக்கு மேல் ஸ்பின் குறையத் தொடங்கும் என்கிறது. விற்பவர் சொல்லும் கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தாலும், மாதம் இரண்டு முறை ஆடும் ஐ.டி. ஊழியருக்கு 75 ரவுண்டு முடிய மூன்று வருடம் ஆகும். அதற்குள் அவர் ஸ்விங்கைச் சரிசெய்தால் கிடைக்கும் பலன், எந்த குரூவாலும் கிடைக்காது. பங்கர் பயிற்சிக்குப் பழைய வெட்ஜையும், ஆட்டத்துக்கு நல்லதையும் வைத்துக்கொண்டாலே ஆயுள் நீளும்.

இன்னொன்று, தேய்ந்துவிட்டது என்று நினைக்கும் பல கிளப்புகள் உண்மையில் அழுக்கானவைதான். காய்ந்த மண் அடைத்த குரூவுக்குள் புல்லும் தண்ணீரும் இறங்க இடம் ஏது? வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மிச்சத்தை மரப் பல்குச்சியால் எடுத்துத் துடைத்துவிட்டால் போதும். ஆட்டத்துக்கு நடுவில்கூட இதைச் செய்யலாம், விதியில் தடை இல்லை.

நண்பன் டோர்னமென்ட்டுக்கு ஆபீஸ் சீனியரிடம் ஒரு வெட்ஜ் கடன் வாங்கிப் போனான். எங்கள் 'புதுசு' வெட்ஜ் இப்போது பங்கர் பயிற்சிக்கு மட்டும். ஷார்ப்பனர் டிராயரில் கிடக்கிறது, ஷூ அடியில் ஒட்டிய களிமண்ணை எடுக்க நன்றாக இருக்கிறது.