புது ஊர், புது வேலை, பழைய படிப்பு



கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்தபோதே நாமெல்லாம் ஒரு தரம் ஊர் மாறியவர்கள்தான். அதனாலேயே, "இன்னொரு ஊர்தானே, சமாளிச்சுக்குவா" என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். சமாளிக்கத்தான் செய்கிறோம். ஆனால் புது ஊரோடு புது வேலையும், பாதியில் விட்ட படிப்பும் சேர்ந்துகொண்டால்? அதைப் பற்றித்தான் இந்த முறை பேசப் போகிறேன்.

விருதுநகர் பக்கம் எங்கள் மளிகைக் கடை நொடித்துப் போனதும், இரண்டு வருடத்துக்கு முன் திருப்பூருக்கு வந்தோம். கடனும் கூடவே வந்தது. அவருக்கு ஒரு குடோனில் வேலை. எனக்கு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் உருப்படிகளில் தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை கையில் சம்பளம். நாள் முழுக்க நின்றபடி வேலை. நாற்பத்து நான்கு வயதில் நிற்கிற கால், ஐம்பத்தைந்தில் நிற்குமா?

எங்கள் கம்பெனியிலேயே கணக்குப் பகுதிக்கு ஆள் எடுத்தபோது, பட்டம் வேண்டும் என்றார்கள். நான் பி.காம். முதல் வருடத்தோடு கல்யாணத்துக்காக நிறுத்தப்பட்டவள். ஆசை மறுபடி எட்டிப் பார்த்தது.

வேலையை விடாமல் படிக்க வழி இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் தொடங்கப்பட்டவை. பிளஸ் டூ தேறியிருந்தால் பட்டப்படிப்பில் சேரலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள்: அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்திலேயே தெரிந்துகொள்ளலாம். "ஒரே வருஷத்துல டிகிரி" என்று யாராவது சொன்னால் அந்தத் திசைக்கே கும்பிடு போட்டுவிடுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 3,600 மணி நேரம். மூன்றே வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று மணிக்கு மேல் வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவளுக்கு இது நடக்கிற காரியமா? ஆனால் மூன்று வருடப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. அப்படிப் பிரித்தால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் போதும்.

இந்தப் பன்னிரண்டு மணி எங்கிருந்து வரும்? சகோதரிகளே, இங்கேதான் நாம் வழக்கமாகத் தூக்கத்தில் கை வைக்கிறோம். நான் மாட்டேன் என்று முடிவு செய்தேன். ஏழு மணித் தூக்கம் இல்லாமல் படித்தால் கண் புத்தகத்தில் இருக்கும், புத்தி எங்கோ இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "வாரத்துல ரெண்டு நாள் ஒரு ஷிப்டோட வந்துடுவேன். அந்த ரெண்டு நாளும் ரெண்டு ரெண்டு மணி, மத்த நாலு நாளும் காலையில ஒரு மணி, ஞாயிறு நாலு மணி. இது என் படிப்பு நேரம்."

அவர் முகம் சுருங்கியது. "ரெண்டு அரை ஷிப்ட் பணம் போச்சுன்னா, கடன் தவணை?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நோட்டை எடுத்து அவர் கண் முன்னாலேயே வரவு செலவு போட்டோம். கடன் முடிய ஏழெட்டு மாதம் கூடுதலாகும் என்று வந்தது. வெகு நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில் என் அத்தைதான் வாயைத் திறந்தார். "ராத்திரி சமையல நான் பாத்துக்கிறேன். அவ படிக்கட்டும்டா." தண்ணீர் வரும் நாளில் குடம் பிடிப்பது பையன் பொறுப்பாயிற்று. நேரம் தானாகக் கிடைக்காது, கேட்டு வாங்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். முதலில் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கில் புது விலாசம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அடுத்து வேலை. உடம்பு அதற்குப் பழகிய பிறகு படிப்பு. பாடப் புத்தகம் தபாலில் வரும் என்பதால் விலாசம் சரியாக இருப்பது முக்கியம். பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் பழைய கல்லூரி டி.சி.யையும் வீடு காலி செய்யும்போதே தனிப் பையில் வைத்துவிடுங்கள்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓயாத அசதியை "புது இடம், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்படி நடக்க வேண்டும். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை நல்லது. சாப்பிட்டவுடன் டீ மட்டும் வேண்டாம்; இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது.

இன்னொன்று, கண். பக்கத்து போர்ஷன் அக்கா, தபால் வழியில் படிக்கச் சேர்ந்துவிட்டு, "மூளைக்கு ஏற மாட்டேங்குதுங்க" என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்துதான்! கண்ணாடி போட்டதும் பாடம் ஏறத் தொடங்கிவிட்டது.

எனக்கு இப்போது நான்கு பேப்பர் முடிந்திருக்கிறது. கடன் இன்னும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. இரண்டும் மெல்லக் குறைகின்றன. உங்களில் எத்தனை பேர் டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய மார்க் ஷீட் ஒன்றை வைத்திருக்கிறீர்கள்? இந்த ஞாயிறு அதை எடுத்து வெளியே வையுங்கள். பக்கத்திலேயே ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் பன்னிரண்டு மணி நேரத்தைக் கேளுங்கள்.