வாடகை வீட்டுக்குக் காவல் எங்கே?

வாடகை வீடுகளுக்கென்று தனிச்சட்டம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் சில ஆண்டுகளாகவே இருந்து வருகிறது. வீட்டுக்காரர்கள் கருத்துச் சொல்கிறார்கள். வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள் சொல்கின்றன. வக்கீல்கள் சொல்கிறார்கள். மாதம் முடிந்ததும் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வாடகை கொடுக்கும் பாட்டாளியின் குரல்தான் சபையேறவில்லை. அக்குரலை எழுப்புவது தொழிற்சங்கத்தின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

தோட்டத் தொழிற்சங்கத்திற்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. தோட்டத்தில் நமக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டி வந்தது. பால்மரம் வெட்டும் வரை லயத்து வீடு நம்முடையது. வேலை நின்றால் வீடும் நின்றது. அவ்வாறு வெளியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளிலும், பிறர் வீட்டு அறைகளிலும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். லயத்தில் இருந்த அச்சம் பட்டணத்திலும் அவர்களை விடவில்லை. நாளை வெளியே போ என்றால் எங்கே போவது? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதே வரப்போகும் சட்டத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

வாடகையைக் கட்டுப்படுத்துவது நம் நாட்டுக்குப் புதிதன்று. போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்து ஆடிய காலத்தில், 1948-ம் ஆண்டில் மலாயாவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அது 1956-ல் திருத்தி அமைக்கப்பட்டு, பின்னர் 1966-ம் ஆண்டுச் சட்டமாயிற்று. 1948 ஜனவரி 31-ம் தேதிக்குள் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்கே அது பொருந்தியது. வீட்டுக்காரர் தம் இஷ்டப்படி வாடகையை ஏற்ற முடியாது. வாடகை கட்டாமை முதலாய, சட்டத்தில் சொன்ன காரணங்கள் இருந்தாலன்றிக் குடியிருப்பவரை வெளியேற்றவும் முடியாது. பட்டணத்து ஏழைகள் பலரை அரை நூற்றாண்டுக் காலம் காத்து நின்ற சட்டம் அது.

அதில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வாடகை பழைய அளவிலேயே நின்றதால், கூரை ஒழுகினாலும் வீட்டுக்காரர்கள் பழுது பார்க்கவில்லை. குறைந்த வாடகைக்கு வீட்டைப் பிடித்த தலைமை வாடகைக்காரர் சிலர், அதைத் தட்டி தட்டியாகத் தடுத்து, பல குடும்பங்களுக்கு உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்த்தனர். 'தேநீர்ப் பணம்' என்ற பெயரில் கைமாறிய தொகைகளையும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, அச்சட்டம் ஆளைப் பார்க்காமல் கட்டடத்தின் வயதைப் பார்த்துக் காவல் கொடுத்தது என்பதே. பழைய கடைவீட்டில் இருந்த வசதியானவருக்குக் காவல் கிடைத்தது. புதிய வீட்டு அறையில் இருந்த கூலியாளுக்குக் கிடைக்கவில்லை.

குறையைத் திருத்துவதை விட்டுச் சட்டத்தையே எடுத்துவிட்டனர். 1997-ல் அது ரத்துச் செய்யப்பட்டது. 1999 டிசம்பர் 31 வரை தவணை கொடுக்கப்பட்டது, அதோடு சரி. அடி அதிகமாக விழுந்த இடம் பினாங்கு ஜார்ஜ் டவுன். போருக்கு முந்திய கடைவீடுகள் நிறைந்த அவ்வூரில், 2000-ம் ஆண்டு பிறந்ததும் வாடகைகள் பன்மடங்கு ஏறின. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்களும் சிறு வியாபாரிகளும் கைவினைஞர்களும் மூட்டை கட்டினர். 2008-ல் அந்நகரம் உலக மரபுச் சின்னமாயிற்று. கட்டடங்களுக்குக் காவல் வந்தபோது, அவற்றில் வாழ்ந்த பலர் அங்கே இல்லை.

சிங்கப்பூரிலும் 1947-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001-ல் நீக்கப்பட்டது. ஆனால் அங்கே 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதற்குள் வீடு கட்டிக் கொடுத்திருந்தது. மாற்று வழியைக் கட்டி முடித்த பிறகு பழைய பாலத்தை எடுத்தார்கள். இங்கே பாலம் முதலில் போயிற்று.

தோட்டத்திற்கு வருவோம். வாடகைக் கட்டுப்பாடு உயிரோடு இருந்த காலத்திலேயே அது நம்மைக் காக்கவில்லை. 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தோட்டம் கை மாறியபோது தொழிலாளி வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தான். அந்த வேதனைக்கு விடையாகத்தான் 1960-ல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில், 1961-ல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் லயங்கள் காலியாயின.

1990-ம் ஆண்டில் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது வீட்டின் தரத்தைப் பேசுகிறது. முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவனுக்கு நிலையான கூரை உண்டு என்று அது சொல்லவில்லை.

இன்று வாடகைக்காரருக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. 'ஸ்பெசிபிக் ரிலீஃப்' எனப்படும 1950-ம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பின்னும் வீட்டில் இருப்பவரை நீதிமன்றத்தின் மூலமாகவே அன்றி வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆள் வைத்துச் சாமானைத் தெருவில் வீசுவதற்கு வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. வாடகைப் பாக்கிக்காகச் சாமான்களைப் பிடிப்பதற்கும் 1951-ம் ஆண்டின் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். இதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பூட்டை மாற்றி, தண்ணீரை நிறுத்தி, மிரட்டி வெளியேற்றும் செயல்கள் நடப்பதற்குக் காரணம் இந்த அறியாமையே.

ஆனால் இந்தக் காவல் போதாது. நீதிமன்றம் வரை போகலாம் என்றாலும், ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்காரர் காட்டினால் போதும்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. காலம் கடந்தும் தங்கியவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956-ம் ஆண்டின் சிவில் சட்டம் இடம் தருகிறது. லயத்து வீட்டில் இருப்பவரோ பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் வாடகைக்காரரே அல்லர். வேலையை முன்னிட்டு இருக்க அனுமதி பெற்றவர், அவ்வளவுதான்.

ஆகவே நாம் கேட்பது பழைய சட்டத்தை அப்படியே தூசி தட்டிக் கொண்டு வருவதையன்று. வாடகையை ஒரே தொகையில் ஆணியடித்து வைக்கச் சொல்லவில்லை. நாம் கேட்பவை மூன்று.

முதலாவது: தகுந்த காரணமின்றி எவரையும் வெளியேற்றக் கூடாது. காரணம் இருந்தாலும், பிள்ளைகளின் பள்ளியையும் வேறு வீடு தேடும் சிரமத்தையும் எண்ணிப் போதிய தவணை கொடுக்க வேண்டும்.

இரண்டாவது: வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்றம் அநியாயமானது என்று தோன்றினால், வக்கீல் வைக்காமலே முறையிடக் கூடிய நடுவர் மன்றம் வேண்டும். முன்பணத் தகராறுகளையும் அதுவே தீர்க்கட்டும்.

மூன்றாவது: வேலையோடு சேர்ந்த வீட்டில் இருப்பவரையும் இச்சட்டம் காக்க வேண்டும். தோட்டம் விற்கப்பட்டாலும், ஆள் ஓய்வு பெற்றாலும், மாற்று வீடு கிடைக்கும் வரை கதவு அடைபடக் கூடாது. அவர் நம் நாட்டவராயினும், கடல் கடந்து வந்த தொழிலாளியாயினும், தெருவில் விடப்பட்டால் வேதனை ஒன்றே.

வீட்டுக்காரர் அனைவரும் பெரும் பணக்காரர் அல்லர் என்பதையும் நாம் அறிவோம். பாங்கில் கடன் வாங்கி ஒரு வீட்டை வாங்கி, அந்த வாடகையில் தவணை கட்டும் தொழிலாளியும் நம்மிடையே உண்டு. வாடகை தராமல் மாதக் கணக்கில் இழுத்தடிப்பவரால் அவரும் தவிக்கிறார். நாம் கேட்கும் நடுவர் மன்றம் அவருக்கும் விரைவில் நியாயம் வழங்கும். நேர்மையாக வாடகை கட்டுகிறவருக்கு நிலையான குடியிருப்பு. நேர்மையாக வீடு விடுகிறவருக்கு ஒழுங்கான வாடகை. இதில் யாருக்கு நஷ்டம்?

சட்டம் வரும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அங்கத்தினர்களுக்கு ஒன்று சொல்லுவோம். வாய்ப்பேச்சை நம்பி வீடு பிடிக்காதீர்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி முத்திரை இடுங்கள். புரியாத மொழியில் இருந்தால் படித்தவரிடம் காட்டிய பின் கையொப்பம் இடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது கேளுங்கள். வாடகையை நாள் தவறாமல் கட்டுங்கள். பாக்கி வைத்தவனுக்கு வாதம் இல்லை. வெளியே போ என்று நோட்டீஸ் வந்தால் இரவோடு இரவாக மூட்டை கட்டாதீர்கள். அக்காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மறந்தும் விடாதீர்கள். மறுநாளே கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றார்கள் நம் முன்னோர். காட்டை அழித்து ரப்பர் நட்டு இந்நாட்டை வளமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வளையைத் தானமாகக் கேட்கவில்லை. வாடகை கொடுத்துக் கேட்கிறார்கள். காரணம், தவணை, நியாயமான விசாரணை என்ற மூன்றையும் அவர்களுக்குச் சட்டமாக்கித் தருமாறு அரசாங்கத்தை வற்புறுத்துகிறோம். சட்டம் வரையப்படும் மேசையில் தொழிற்சங்கங்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.