ஆளுக்கொரு நாற்றங்கால்
(மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)

இது கணினி யுகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பைதான் மொழியையும் பயில்கிறோம். ஆனால், எழுதிய நிரல் எழுதியவனின் கணினியைத் தாண்டி ஓடுமா என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. சிதம்பரத்தில் வீட்டுக் கணினியில் ஓடிய செயல்திட்டம், கடலூரில் ஆய்வகக் கணினியில் தேர்வாளர் முன் ஊமையாய் நிற்கிறது. "என் கணினியில் ஓடியதே, ஐயா!" என்ற விளக்கத்துக்கு மதிப்பெண் இல்லை, இருக்கவும் கூடாது என்பேன்.

பதிப்பு மாறினால் விடையே மாறும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு எழுத்து 3. பைதான் 3 சொல்லும் விடை 5. மெய்ப்புள்ளியையும் இகரக் குறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. பழைய பைதான் 2, சாதாரணச் சரத்தைப் பைட்டுகளாக எண்ணி 15 என்றது. 'ஓப்பன்-தமிழ்' போன்ற நூலகத்தின் துணையிருந்தால்தான் 3 என்ற சரியான விடை கிடைக்கும். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிந்தது. பதிப்புச் சிக்கலோ முடியவில்லை. பொது ஆய்வகக் கணினியில் ஒருவர் தம் தேவைக்காக ஒரு நூலகத்தைப் புதுப்பித்தால், அடுத்தவரின் நிரல் படுத்துவிடுகிறது.

வீராணத்துப் பாசன உழவரிடம் இதற்கு விடை உண்டு. பொன்னியையும் சீரகச் சம்பாவையும் அவர் ஒரே நாற்றங்காலில் கலந்து விதைப்பதில்லை. பைதானிலும் அப்படித்தான் வேண்டும். 2007-இல் இயான் பிக்கிங் 'வர்ச்சுவல்என்வ்' என்ற கருவியைத் தந்தார். 2012-இல் வந்த பைதான் 3.3 முதல் 'வென்வ்' மொழியுடனேயே கிடைக்கிறது. ஒவ்வொரு செயல்திட்டத்துக்கும் ஒரு தனிக் கோப்புறை. அதற்குரிய நூலகங்கள் அதற்குள்ளே மட்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு கடலூருக்கு வருவதில் பயனில்லை; அதனுள் பாதைகள் பழைய கணினிக்கே எழுதப்பட்டவை. கொண்டுவர வேண்டியது, நூலகங்களின் பெயரும் பதிப்பு எண்ணும் அடங்கிய பட்டியலை. அதைக்கொண்டு புதிய இடத்தில் புதிதாய் அமைத்துக்கொள்ளலாம். பைதானின் பதிப்பையும் அதனுடன் குறித்து வைப்பது நலம்.

பட்டியல் முழுமையானதா என்பதை யார் சொல்வது? இங்கேதான் தொடர் ஒருங்கிணைப்புச் சோதனை கைகொடுக்கிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவை, நாம் நிரலை அனுப்பும்போதெல்லாம் ஒரு புதிய கணினியை எடுத்து, பட்டியலின்படி சூழலை அமைத்து, சோதனைகளை ஓட்டிப் பார்க்கிறது. பட்டியலில் விடுபட்ட நூலகம் அன்றைக்கே அகப்பட்டுவிடும். தேர்வு நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொதுவில் வைக்கப்படும் நிரல்களுக்கு இச்சேவை இலவசம்.

"இணையம் மெதுவாக இருக்கிறதே" என்பார் சிலர். உண்மைதான். நூலகக் கோப்புகளை ஒருமுறை இறக்கிப் பொதுக் கோப்புறையில் வைத்தால், இணையமின்றியே 'பிப்' அவற்றை நிறுவும். "பாடமே முடியவில்லை, இது வேறா?" என்பார் வேறு சிலர். ஒரே ஒரு செய்முறை வகுப்பு போதும்.

எனவே, செயல்திட்ட அறிக்கையுடன் நூலகப் பட்டியலையும், புதிய கணினியில் சோதனை வென்றதற்கான சான்றையும் கட்டாயமாக்க வேண்டுமென்று நம் பேராசிரியர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். விலையுயர்ந்த கணினி வைத்திருப்பவனும், ஆய்வகத்தை மட்டுமே நம்பி வரும் கிராமத்து மாணவனும் சமமாய் நிற்பது அப்போதுதான். மாணவ நண்பர்களே, பிறர் கையிலும் ஓடுவதே நிரல்!