சத்திரம் எங்கே?

இளம் அறிவியல் (வேதியியல்) இரண்டாம் ஆண்டு மாணவி

‘சர்வீஸ் அப்பார்ட்மெண்ட்’ என்ற சொல்லைச் சென்ற ஆண்டு வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் ஊரில் வீடு உண்டு, குடிசை உண்டு, கல்யாண மண்டபமும் உண்டு. கட்டில், மெத்தை, அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றோடும் ஒரு முழு வீட்டை நாள் வாடகைக்குக் கொடுப்பார்கள் என்பதைச் சென்னைக்குச் சென்ற பிறகே அறிந்தேன். அப்படிப்பட்ட வீட்டில் 12 நாட்கள் தங்க நேர்ந்தது. அந்நாட்களில் என் மனத்தில் எழுந்த கருத்து ஒன்றை ஆசிரியப் பெருமக்கள் முன்னும், உடன் பயிலும் நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

கருத்து இதுதான். பெரிய மருத்துவமனை உள்ள நகரத்தில், வெளியூர் நோயாளியின் குடும்பம் சில நாள் தங்கிச் சமைத்து உண்ண ஓர் எளிய இடம் வேண்டும். அது வசதியன்று, சிகிச்சையின் ஒரு பகுதி. காசு உள்ளவருக்கு மட்டுமே அது கிடைக்கும் நிலை மாற வேண்டும்.

என் தந்தை கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற கோடை விடுமுறையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. சென்னையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. அந்த அட்டை இல்லையேல் என் தந்தை இன்று இல்லை. அந்த நன்றியைச் சொல்லிவிட்டே குறையைச் சொல்ல வேண்டும்.

அட்டை நோயாளியைப் பார்த்துக்கொண்டது. நோயாளியோடு வந்தவரை யார் பார்ப்பது? அப்பா உள்ளே இருந்த ஒன்பது இரவுகளும் அம்மாவும் நானும் வெளியே தாழ்வாரத்தில் படுத்தோம். பாயில்லை, அம்மாவின் பழைய புடைவைதான் விரிப்பு. குளிப்பதற்கு விடியற்காலை நான்கு மணிக்கே கட்டணக் கழிப்பறையில் வரிசையில் நிற்க வேண்டும். ஈரத் துணியைக் காயப்போட இடமில்லை. ஒரு பெண் அங்கே ஒன்பது நாட்கள் எப்படி இருந்திருப்பாள் என்பதை இதற்கு மேல் எழுத என் பேனா கூசுகிறது.

எங்கள் பக்கத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் படுத்திருந்தார். அவருடைய கணவருக்கும் அதே அறுவை சிகிச்சைதான். இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். “பத்துப் பன்னிரண்டு நாள் பக்கத்திலேயே தங்குங்கள், தையலைப் பார்க்க வேண்டும், உப்பைக் குறையுங்கள்” என்று மருத்துவர் இரு குடும்பத்துக்கும் ஒரே அறிவுரையைச் சொன்னார். எங்களுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தாய்மாமன் இருந்தார். அவர்தான் தொலைபேசியிலேயே விசாரித்து, கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டைப் பிடித்துப் பணமும் அனுப்பினார். நாள் ஒன்றுக்கு 2,200 ரூபாய். 12 நாளைக்கு 26,400 ரூபாய். வேலை கிடைக்கும் நாளில் அப்பாவின் கூலியோ 1,000 ரூபாய்.

அந்த அக்காவுக்குச் சிங்கப்பூரில் யாரும் இல்லை. தைத்த நெஞ்சின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்தபடி அவருடைய கணவர் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ ஏறினார்.

கோட்டூர்புரத்தில் நாங்கள் தங்கிய தெரு, சென்னையில் இப்படியும் ஓர் இடமா என்று வியக்க வைத்தது. இரு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். நண்பகலில் தெருவில் ஆளே இல்லை. ஆதார் நகலை வாங்கிக்கொண்டு காவலாளி சாவியைக் கொடுத்தார். உள்ளே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம். இரண்டு நாளைக்கு ஒருமுறை படுக்கை விரிப்பை மாற்றுவார்கள், பெருக்கித் துடைப்பார்கள்.

அப்பா உள்ளே நுழைந்ததும் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். “பூச்சு நல்லாருக்கு பாப்பா” என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, “நாங்க கட்டுறப்ப சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்துலயே படுத்துக்குவோம். வெள்ளையடிச்சு முடிச்சிட்டா அப்புறம் உள்ள விடமாட்டாங்க” என்றார். சென்னையில் பல ஆண்டுகள் அடுக்குமாடிகள் கட்டிய மனிதர், முடிந்த வீட்டில் படுத்தது அன்றுதான்.

அந்த வீட்டில் எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது எது? மெத்தை அன்று, குளிர்சாதனமும் அன்று. அடுப்புதான்! வளர்ந்தவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தட்டிய தேக்கரண்டி ஒன்றில் அடங்கிவிடும் அளவு அது. ஆய்வகத்தில் உப்பை எடைபோட்டுப் பழகிய எனக்கு, உணவு விடுதிச் சாம்பாரில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்று தெரியாதா? அம்மா கஞ்சி வைத்தாள், கீரை கடைந்தாள், உப்பை நான் அளந்து போட்டேன். அப்பாவின் கால் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது.

அமைதி மட்டும் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. “எளவு வூட்டுலகூட இப்படி இருக்காது” என்றார். எதிர்வீட்டார் யாரென்று கடைசி நாள்வரை எங்களுக்குத் தெரியாது. “அப்பாவுக்கு இன்னாமா ஆச்சு?” என்று கேட்டவர் வீட்டைப் பெருக்க வந்த அம்மா ஒருவரே. ஆற்றோரம் உள்ள வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இருப்பவர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது வீட்டுச் சாமான் எல்லாம் போயிற்றாம். அவர்தான் ஒரு நாள் முருங்கைக் கீரையை ஆய்ந்தே கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா உறங்கும் பிற்பகல்களில், அதே கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்தே போய் வந்தேன். அங்கே படித்த செய்தி என்னை நிமிர வைத்தது. 1782இல் பஞ்சத்துக்குத் தப்பிச் சென்னை வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அதை அழைத்ததன் காரணம் இதுதான். தஞ்சைச் சத்திரங்களில் நோயுற்ற வழிப்போக்கருக்கு மருத்துவமும், பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பராமரிப்பும் தரப்பட்டதை இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் எழுதிய கடிதம் கூறுகிறது. சத்திரத்திலிருந்து மருத்துவமனை பிறந்த நாடு இது. இன்று மருத்துவமனைகள் ஓங்கி நிற்கின்றன, சத்திரம் எங்கே?

அரசு எதைத்தான் செய்யும் என்று சிலர் கேட்கலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் ‘தோழி’ விடுதிகளைக் கட்டிய அரசு நம்முடையது. சென்னை மாநகராட்சி சில அரசு மருத்துவமனைகளில் நோயாளியின் உறவினருக்கு இரவு தங்க இடம் ஏற்படுத்தியிருக்கிறது. அது நல்ல தொடக்கம். ஆனால், படுக்க இடம் வேறு. நோயாளியோடு குடும்பமாய்த் தங்கிக் கஞ்சி வைக்க இடம் வேறு. அரியானா மாநிலம் ஜஜ்ஜரில் உள்ள எய்ம்ஸ் புற்றுநோய் மருத்துவமனை வளாகத்தில், 2021இல் 806 படுக்கைகளோடு நோயாளிகளின் உறவினருக்கென ‘விஷ்ராம் சதன்’ திறக்கப்பட்டது. ஓர் அறக்கட்டளை அதைக் கட்டிக் கொடுத்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

இலவசம் என்றால் தகுதியற்றவர் புகுந்துவிடுவார் என்பது அடுத்த வாதம். இலவசம் வேண்டாம், நாளுக்கு 100 ரூபாய் வாங்கட்டும். மருத்துவமனை கொடுக்கும் சீட்டில் எத்தனை நாள் என்று எழுதியிருந்தால் அத்தனை நாள் மட்டும் அறை தரட்டும். பளிங்குத் தரை வேண்டாம். ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு குளியலறை, உள்ளே தாழ்ப்பாள். இவ்வளவுதான் கேட்கிறோம். அமைதியான தெருக்களில் வாழ்வோர், நோயாளிகள் வந்தால் அமைதி கெடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நெஞ்சில் தையல் போட்டவர் கூச்சல் போடமாட்டார்!

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மருத்துவமனை வாயிலில் நின்றபோதே, ‘அக்கா, எங்களோடு வாருங்கள்’ என்ற சொல் என் நாவில் வந்தது. மூன்று பேருக்கு மேல் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மாமாவின் பணம் வேறு. நான் வாய் திறக்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போது அந்த அக்கா என் கையைப் பிடித்து, “அப்பாவ நல்லா பாத்துக்க” என்றார். அவருடைய கணவர் எப்படி இருக்கிறார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தொலைபேசி எண்ணைக் கூட வாங்கிக்கொள்ளவில்லை.

என் அப்பா இப்போது நடக்கிறார். சித்தாள்களுக்கு யோசனை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். அவர் பிழைத்ததில் மருத்துவர் பங்கு உண்டு, அரசின் அட்டைக்குப் பங்கு உண்டு, அந்த அடுப்புக்கும் பங்கு உண்டு. முதல் இரண்டும் எல்லோருக்கும் கிடைக்கும்போது, மூன்றாவது மட்டும் சிங்கப்பூரில் மாமன் உள்ளவர்களுக்கு என்று இருப்பது நியாயமா? நம்மில் பலர் நாளை அரசு அலுவலராகவும் ஆசிரியராகவும் ஆகப் போகிறோம். அன்று ஒரு மருத்துவமனைக்கு இடம் ஒதுக்கும் கோப்பு நம் மேசைக்கு வந்தால், அதில் ஒரு சத்திரத்துக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவோம்.