சிறுநீர் சோதனையும் ரெண்டு மாசக் கணக்கும்

எங்க ஊர் கோவில்பட்டி. விடியறதுக்குள்ள பக்கத்து கரிசல்காட்டு ஊர்களுக்கு வேன் வந்து, சாத்தூர், சிவகாசி பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏத்திட்டுப் போகும். பச்சை வெளிச்சத்துக்காகப் பட்டாசில் சேர்க்கிற பேரியம் உப்பை 2018ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அது காற்று மாசு வழக்கில் வந்த தீர்ப்பு. அந்த மருந்தை வருஷக்கணக்கா கையால அள்ளினவங்க உடம்பைப் பத்தி எங்க ஊர் டீக்கடையில கூட பேச்சு இல்லை.

"அதான் யூரின் டெஸ்ட் இருக்கே, எப்ப வேணா பார்த்துக்கலாம்" என்றான் நண்பன். பார்க்க முடியாதுங்க!

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை எடுத்துக்குங்க. இந்துஸ்தான் லீவருடையது, 2001ல் மூடினாங்க. பாதரச ஆவியைச் சுவாசிச்சவங்களுக்கு சிறுநீர் சோதனை நல்ல சோதனைதான். ஆனா உடம்பில் சேர்ந்த பாதரசம் சுமார் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பாதியாகும். வேலையை விட்டு ரெண்டு வருஷம் கழிச்சு சோதிச்சா ஆயிரத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சாது. ரிப்போர்ட் 'நார்மல்'. அதனால நரம்பும் சிறுநீரகமும் நல்லா இருக்குன்னு அர்த்தமா? 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016ல்தான்.

உலோகத்துக்கு உலோகம் சோதனையும் மாறும். ஈயத்துக்கு ரத்தம் பார்க்கணும். ஆர்சனிக்குக்கு சிறுநீர்தான், ஆனா முந்தின சில நாள் மீன் சாப்பிடக் கூடாது (தூத்துக்குடிக்காரங்க கிட்ட சொல்லிப் பாருங்க :-)).

என் கருத்து இதுதான்: வேலையில் இருக்கும்போதே சோதிக்கணும், ரிப்போர்ட் நகல் ஆலை பீரோவுல இல்லாம தொழிலாளி வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கணும்.